குழந்தைக்குப் பதினாலு நாள்... பெரியம்மாவுக்கு மூணு வருஷம்! - எங்கள் வீட்டு ஜிங்க் கதை

எங்கள் பெரம்பலூர் பக்கத்தில் 'ஜிங்க்' என்ற சொல்லை மருந்துக்கடையில் கேட்பதற்கு முன்பே உரக்கடையில் கேட்டிருப்போம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும்தான் எங்கள் மாவட்டத்தின் முகவரி. மக்காச்சோளம் விதைத்துக் கொஞ்ச நாளில் குருத்து வெளுத்து, இலையின் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை விழுந்தால், "ஜிங்க் பத்தல" என்று அப்பா சொல்லிவிடுவார். அடுத்த தடவை உழும்போது ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவுவார். டி.ஏ.பி.யோடு மட்டும் சேர்க்க மாட்டார். "ரெண்டையும் ஒண்ணா போட்டா ஒண்ணை ஒண்ணு கட்டிப்போட்டுரும். பயிருக்கு ஒண்ணும் போய்ச் சேராது" என்பார்.

நான் வாக்கப்பட்டுப் போனது அரியலூர் பக்கம். அங்கே மண் இன்னும் கெட்டி. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடல் கிடந்த இடம் என்பதால் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அதனால்தான் சுற்றிலும் சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்பு அதிகமான மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேரின் கைக்கு எளிதில் சிக்காது. பெரம்பலூர் கரிசலிலும் இதே கதைதான். இந்திய விளைநிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் குறைவு என்று மண் ஆய்வுகள் சொல்கின்றன. மண்ணில் குறைந்தால் தானியத்தில் குறையும். தானியத்தில் குறைந்தால் அதையே நம்பிச் சாப்பிடுகிறவர் உடம்பிலும் குறையும்.

அந்தத் துத்தநாகம் மாத்திரையாக எங்கள் குடும்பத்துக்குள் இரண்டு தடவை வந்தது. ஒருவருக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது. அவருக்கு மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார்கள். இன்னொருவருக்கு அது வேண்டவே வேண்டாம். அவர் மூன்று வருஷம் விடாமல் விழுங்கினார். இரண்டும் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

பதினோரு மாதக் குழந்தையும் பதினாலு மாத்திரையும்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தம்பி மகனுக்கு வயிற்றுப்போக்கு. பதினோரு மாதக் குழந்தை. ஒரே நாளில் எட்டு தடவை தண்ணீராகப் போனான். கிராம சுகாதார செவிலியர் வந்து பார்த்தார். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும், பதினாலு மாத்திரை இருந்த ஒரு அட்டையும் கொடுத்தார். "தினம் ஒரு மாத்திரை. ஸ்பூன்ல கொதிக்க வெச்சு ஆறின தண்ணியிலயோ தாய்ப்பால்லயோ போட்டா தானா கரைஞ்சுடும். பதினாலு நாளும் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் போக்கு நின்றது. மாத்திரையும் நின்றது. மீதி பதினொரு மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டது.

நான் ஊருக்குப் போயிருந்த அன்று செவிலியர் மறுபடி வந்தார். முதல் கேள்வியே, "அட்டையைக் கொண்டாம்மா, எண்ணிப் பார்க்கறேன்."

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். "அதான் நின்னுடுச்சே அண்ணி... பச்சப் புள்ளைக்கு எதுக்கு அவ்வளவு மாத்திரை?"

செவிலியர் கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். "போக்கை நிறுத்தறதுக்கு மட்டும் குடுக்கற மாத்திரை இல்லம்மா இது. நாலு நாள் வயித்தால போனதுல உடம்புல இருந்த துத்தநாகமும் சேர்ந்து போயிடுச்சு. குடல் உள்பக்கம் தோல் மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அது புண்ணாயிருக்கு. அது புதுசா வளரணும்னா துத்தநாகம் வேணும். இப்ப பதினாலு நாள் முழுசா குடுத்தா, அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு மறுபடி போக்கு வர்றது குறையும்."

இதன் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1995-ல் டெல்லியில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 937 சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் துத்தநாகம் கொடுக்கப்பட்டவர்களுக்கு, போக்கு நீடிக்கும் ஆபத்து 23 சதவிகிதம் குறைந்தது. பங்களாதேஷிலும் வேறு நாடுகளிலும் இதே மாதிரி முடிவுகள் வந்தன. 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகமும் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தன. நம் நாட்டில் 2014 முதல் வருஷா வருஷம் நடக்கிற வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம்களில் கொடுக்கப்படுவது இந்த மாத்திரைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

அளவும் எளிது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதாவது ஒரு முழு மாத்திரை. இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை, தாய்ப்பாலில் கரைத்து. இரண்டுக்கும் பதினாலு நாள். கொடுத்த அரை மணி நேரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு தடவை கொடுக்கலாம். மாத்திரை இருக்கிறதே என்று கரைசலை விட்டுவிடக் கூடாது. உயிரைப் பிடித்து நிறுத்துவது கரைசல். உடம்பைத் தேற்றுவது துத்தநாகம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் உள்ளே போனாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தம்பி மனைவி அன்றே அட்டையை வெளியே எடுத்தாள். தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது மாத்திரையும் கொடுப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்.

மண்ணைத் தின்ற இளைஞன்

துத்தநாகம் மனிதனுக்கு இவ்வளவு முக்கியம் என்பதே உலகத்துக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவர் நம்மவர், பீகார் மாநிலம் பக்ஸரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். 1958-ல் அவர் ஈரானில் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தார். 21 வயது இளைஞன் ஒருவனை அவரிடம் கொண்டு வந்தார்கள். பார்க்கப் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தான். மீசை இல்லை, வளர்ச்சி இல்லை, கடுமையான ரத்தசோகை. சாப்பாடு பெரும்பாலும் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி. கூடவே மண் தின்னும் பழக்கம்.

இரும்புச்சத்து குறைந்தால் ரத்தசோகை வரும். வளர்ச்சி ஏன் நின்றது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனார் பிரசாத். ஈரானிலும் பிறகு எகிப்திலும் இப்படிப்பட்ட இளைஞர்களை ஆராய்ந்து, துத்தநாகக் குறைவுதான் காரணம் என்று காட்டினார். முழுத் தானியத்தில் 'ஃபைட்டேட்' என்ற பொருள் இருக்கிறது. அது துத்தநாகத்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு உடம்புக்குள் விடாது. வயலில் டி.ஏ.பி. செய்கிற அதே வேலைதான். அப்படியும் மருத்துவ உலகம் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அமெரிக்காவில் தினசரி தேவைப் பட்டியலில் துத்தநாகம் சேர்க்கப்பட்டது 1974-ல்தான்.

நம் உடம்பில் மொத்தமாக இருக்கும் துத்தநாகம் இரண்டு மூன்று கிராம்தான். ஆனால் 300-க்கு மேற்பட்ட நொதிகள் அதை நம்பி வேலை செய்கின்றன. காயம் ஆறுவது, நாக்கில் ருசி தெரிவது, குழந்தை வளர்வது, நோயை எதிர்ப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. இரும்பைப் போல உடம்பு இதை மூட்டை கட்டி வைத்துக்கொள்வதும் இல்லை. அவ்வப்போது சாப்பாட்டில் வந்தாக வேண்டும். 2016-18ல் மத்திய அரசு நடத்திய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், நம் நாட்டு வளரிளம் பருவத்தினரில் 32 சதவிகிதம் பேருக்குத் துத்தநாகக் குறைவு இருந்தது. நான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் 19 சதவிகிதம்.

இதைப் படித்ததும், "அப்படியானா எல்லாரும் தினம் ஒண்ணு போட்டுக்கிட்டா நல்லதுதானே?" என்று தோன்றும். எங்கள் பெரியம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெரியம்மாவின் 'எதிர்ப்புசக்தி' டப்பா

பெரியம்மா அரியலூர் பக்கம் இருக்கிறார். 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் பெரியப்பா படுத்துவிட்டார். மற்ற மருந்துகளோடு வைட்டமின் சி, ஜிங்க் மாத்திரைகளும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பா பிழைத்து வந்தார். எந்த மருந்து காப்பாற்றியது என்று யாருக்குத் தெரியும்? பெரியம்மா ஜிங்க் மாத்திரைக்குத்தான் அந்தப் பெயரைக் கொடுத்தார். பெரியப்பா நிறுத்திய பிறகும் பெரியம்மா நிறுத்தவில்லை. மருந்துக்கடையில் சீட்டு கேட்கவில்லை. மாத்திரை தீர்ந்தால் பழைய அட்டையைக் கொடுத்தனுப்பினால் புது அட்டை வந்துவிடும். அட்டையில் 50 மில்லிகிராம் என்று போட்டிருந்தது.

2024-ல் பெரியம்மாவுக்கு அசதி ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் 8 கிராம்தான் இருக்கிறது என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஆகியும் ஏறவில்லை. வெள்ளை அணுக்களும் குறைந்திருந்தன. அதோடு, "பாதம் மரத்துப் போவுது பாப்பா. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். இருட்டில் கொல்லைப்புறம் போகும்போது இரண்டு தடவை தடுமாறி விழுந்தார். சர்க்கரை இல்லை. பி12 சரியாக இருந்தது. எங்களுக்கு உள்ளூர பயம், ரத்தத்தில் ஏதாவது பெரிய வியாதியோ என்று.

நாங்கள் பார்த்த டாக்டரம்மா, அடுத்த தடவை வரும்போது ஒரு காரியம் செய்யச் சொன்னார். "வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும், டானிக்கையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. எழுதிக் குடுத்தது, நீங்களா வாங்கினது, பக்கத்து வீட்டுல குடுத்தது, எல்லாம்."

நான்தான் பையை எடுத்துப் போனேன். மேஜையில் கொட்டினோம். பிரஷர் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, மகன் வாங்கித் தந்த மல்டி வைட்டமின், அந்த ஜிங்க். டாக்டரம்மா மல்டி வைட்டமின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் ஜிங்க் இருந்தது.

"இதை எத்தனை நாளா சாப்பிடறீங்கம்மா?"

"கொரோனாலேர்ந்து டாக்டர். எதிர்ப்புசக்திக்கு."

அவர் தாமிரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். மாதிரி வெளியூர் லேபுக்குப் போய், முடிவு வர ஒரு வாரம் ஆனது. தாமிரம் மிகக் குறைவு.

விளக்கம் எளிமையானது. துத்தநாகம் அளவுக்கு மீறிப் போகும்போது, குடல் செல்கள் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கின்றன. அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அந்தக் குடல் செல்கள் உதிரும்போது, பிடித்துவைத்த தாமிரமும் மலத்தோடு போய்விடும். தாமிரம் இல்லாமல் இரும்பை உடம்பு சரியாகப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் இரும்பு மாத்திரை எவ்வளவு போட்டும் ரத்தம் ஏறவில்லை. முதுகுத்தண்டு நரம்புக்கும் தாமிரம் வேண்டும். அது குறைந்ததால்தான் பாதம் மரத்தது, நடை தடுமாறியது.

உடம்பில் தாமிரம் தேங்கிவிடும் 'வில்சன்' என்ற பரம்பரை நோய்க்கு, இதே குணத்தை வைத்து டாக்டர்கள் துத்தநாகத்தையே மருந்தாகத் தருகிறார்கள். தாமிரம் தேங்கியவருக்கு அது மருந்து. தேங்காத பெரியம்மாவுக்கு அதுவே வினை. 2008-ல் அமெரிக்காவில் நான்கு பேருக்கு இப்படியே நரம்பு பாதித்ததைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள். அவர்கள் மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. பல் செட்டை ஒட்டுகிற பசையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்கள். அந்தப் பசையில் துத்தநாகம் இருந்தது.

ஜிங்க்கை நிறுத்தி, டாக்டர் மேற்பார்வையில் கொஞ்ச காலம் தாமிரம் கொடுத்தார்கள். சில மாதத்தில் ரத்தம் ஏறியது. முகத்தில் களை வந்தது. பாதத்து மரமரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை. ரத்தம் தேறுகிற மாதிரி நரம்பு தேறாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். பெரியம்மா இப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறார்.

எவ்வளவு போதும்? எது அதிகம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 17 மில்லிகிராம், பெண்களுக்கு 13 மில்லிகிராம் அளவு துத்தநாகம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 14.5. பெரியவர்களுக்கு உச்சவரம்பு நாளைக்கு 40 மில்லிகிராம். இது சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து. பெரியம்மாவின் ஒரே மாத்திரை அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. டாக்டர் சொல்லிச் சில நாள் அதிகம் எடுப்பது வேறு. நாமே மாதக்கணக்கில் எடுப்பது வேறு.

மாத்திரை அட்டையில் ஒரு விஷயம் கவனியுங்கள். 'ஜிங்க் சல்பேட்' எத்தனை மில்லிகிராம் என்று ஒன்று இருக்கும். 'எலிமென்டல் ஜிங்க்' எத்தனை என்று இன்னொன்று இருக்கும். இரண்டாவதுதான் உண்மையான துத்தநாகக் கணக்கு. மல்டி வைட்டமின், தலைமுடி மாத்திரை, தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரை எல்லாவற்றிலும் ஜிங்க் ஒளிந்திருக்கும். கூட்டிப் பாருங்கள்.

சரி, கொரோனாவுக்கு அது உதவியதா? 2021-ல் அமெரிக்காவில் 214 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தினம் 50 மில்லிகிராம் ஜிங்க் குளுக்கோனேட், அதிக அளவு வைட்டமின் சி, இரண்டும் சேர்த்து என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் கொடுக்காதவர்களைவிட இவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை. பலன் தெரியாததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். சாதாரண சளிக்கு ஆரம்பத்திலேயே ஜிங்க் எடுத்தால் ஒன்றிரண்டு நாள் குறையலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. உறுதியான சான்று இல்லை. மூக்குக்குள் போடும் ஜிங்க் மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். சிலருக்கு மோப்பசக்தியே போய்விட்டதால், 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

அதற்காக மாத்திரையே கெட்டது என்று சொல்லவில்லை. நீடித்த குடல் நோய் உள்ளவர்கள், எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்கள், குறைவு உறுதியானவர்கள் எல்லாருக்கும் அது வேண்டும். வயதானவர்களின் விழித்திரை நோயில் குறிப்பிட்ட கட்டத்தில் அதிக அளவிலேயே கொடுக்கிறார்கள்; அப்போது தாமிரத்தையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

எடுப்பவர்கள் சிலவற்றை மனதில் வையுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அப்பா டி.ஏ.பி.யைப் பிரித்துப் போட்ட மாதிரி, இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது இதைச் சேர்த்துப் போட்டால், அந்த மருந்து வேலை செய்யாமல் போகும். டாக்டரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். விவசாய வீடுகளுக்கு ஒரு வார்த்தை: உர மூட்டையில் இருப்பதும் ஜிங்க் சல்பேட்தான், ஆனால் அது மனிதர்கள் சாப்பிடும் தரத்தில் செய்யப்பட்டதல்ல. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அடுப்படியில் இருக்கும் ஜிங்க்

நூறு கிராம் எள்ளில் ஏழு மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கிறது. பூசணி விதையிலும் கிட்டத்தட்ட அதே அளவு. முந்திரியில் ஐந்து. ஆட்டுக்கறியில் நான்கு. நிலக்கடலை, கொண்டைக்கடலையில் மூன்று. கம்பு, கேழ்வரகில் இரண்டரைக்கு மேல். தீட்டிய அரிசியில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். மூன்று வேளையும் வெறும் சோறும் ரசமுமாக ஓட்டினால் எங்கே போய்ச் சேரும்?

ஃபைட்டேட்டைத் தளர்த்தும் வித்தை நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். பயறை ஊறவைத்து முளைகட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது, கம்பங்கூழை இரவே கரைத்து வைப்பது. இட்லி மாவு புளிக்கும்போது அந்த வேலை தானாக நடக்கிறது. பெரியம்மாவுக்கு டாக்டரம்மா சொன்னதும் எள்ளுப்பொடி, ஊறவைத்த கொண்டைக்கடலை, வாரம் ஒரு நாள் கறி. "இதுக்குத்தானா மாசாமாசம் காசு குடுத்தேன்" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு வேலை செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள பெரியவர்களின் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போடுங்கள். எது யார் எழுதிக் கொடுத்தது, எப்போதிலிருந்து ஓடுகிறது என்று குறித்து, அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள். குறிப்பாக, கொரோனாவில் ஆரம்பித்து இன்னும் நிற்காமல் ஓடுகிற மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தை உள்ள வீடென்றால், வயிற்றுப்போக்கின்போது கொடுத்த அட்டையில் மீதி இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

தம்பி மனைவி இப்போது தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டாலும், "பதினாலும் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேறு பேச்சு பேசுகிறாள். பெரியம்மா மருந்துக்கடைக்குப் போனால், மாத்திரையை வாங்கிப் பையில் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறார்: "இது எதுக்குப்பா? எத்தனை நாளைக்கு?"